மருத்துவரிடம் எதை, எப்படிச் சொல்வது? முதல்நிலை மருத்துவத்தில் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காய்ச்சலோ, முதுகுவலியோ, ஆண்டுக்கணக்கில் தொடரும் சர்க்கரை நோயோ, எதுவானாலும் நாம் முதலில் போய் நிற்கும் இடம் முதல்நிலை மருத்துவம்: குடும்ப மருத்துவர், பொது மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையம், அங்குள்ள செவிலியர். அந்தச் சில நிமிடங்களில் இரு தரப்பும் பேசிக்கொள்வது குறித்து நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கடுமையான நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு கை அல்லது கால் செயலிழத்தல் போன்றவற்றுக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. அவற்றுக்கு உடனடி அவசர சிகிச்சையே தேவை.

இத்தனை பரிசோதனைகள் வந்துவிட்ட காலத்தில், நோயாளி வாயால் சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்கிறது?

பலர் நினைப்பதைவிட மிக அதிகமான மதிப்பு இருக்கிறது. 1975-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து நோயாளி சொன்னதையும் கேட்டு முடித்த கட்டத்தில் மருத்துவர் எட்டிய முடிவே, எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு உறுதியான முடிவாகவும் இருந்தது. உடலைத் தொட்டுப் பரிசோதித்தது 7 பேருக்கும், ஆய்வகச் சோதனைகள் 7 பேருக்கும் மட்டுமே உதவின. கருவிகள் அதற்குப் பிறகு வெகுவாக மேம்பட்டுவிட்டன என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சோதனையை எழுதுவது என்று முடிவு செய்ய உதவுவது இன்றும் நோயாளியின் பேச்சுதான்.

முதல்நிலை மருத்துவத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே நோய் பெயரோடு வருவதில்லை. ‘எப்போதும் அசதியாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அதன் பின்னால் ரத்தசோகையோ, தைராய்டு குறைபாடோ, மனச்சோர்வோ, போன மாதம் தொடங்கிய புதிய மாத்திரையோ, தூக்கமின்மையோ இருக்கலாம். சிறுநீர் கழிப்பதற்காக இரவில் நான்கு முறை எழுந்துகொள்கிறார் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் மருத்துவரிடம் சொல்லாது. அவரேதான் சொல்ல வேண்டும்.

நான் பேசத் தொடங்கியதுமே மருத்துவர் இடைமறித்துவிடுகிறார். என்ன செய்வது?

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து மருத்துவர் குறுக்கிடும்வரை சென்ற நேரம் சராசரியாக 18 விநாடிகள்தான். இடைமறிக்காவிட்டால் நோயாளிகள் பேசிக்கொண்டே போவார்கள் என்ற அச்சம் மருத்துவர்களிடம் பரவலாக உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2002-இல் முடிவுகள் வெளியாயின. குறுக்கிடாமல் கேட்டபோது 335 நோயாளிகள் தாமாகப் பேசி நிறுத்திய நேரம் சராசரியாக 92 விநாடிகள். ஏறத்தாழ எண்பது சதவீதத்தினர் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிட்டார்கள். மருத்துவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்கள் முன் வைக்க வேண்டிய எண்ணிக்கை இதுவே என்பது என் கருத்து.

அதே சமயம், குறுக்கிடும் மருத்துவர் அலட்சியமானவர் என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம். ‘நெஞ்சில் வலி’ என்ற சொற்கள் காதில் விழுந்ததும் அடுத்து கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அவர் மனதில் வரிசையில் வந்து நின்றுவிடுகின்றன, பயிற்சி அப்படி. வெளியே காத்திருப்பவர்களின் கூட்டமும் அவரைத் துரத்துகிறது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடிகள், சுவீடனில் 22.5 நிமிடங்கள். உலக மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் அது ஐந்து நிமிடங்களோ அதற்கும் குறைவோதான்.

எனவே இடைமறிக்கும்போது அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, ‘டாக்டர், நான் சொல்ல வந்ததில் முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது’ என்று நிதானமாகத் தொடருங்கள். இதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, எதிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்?

நோயின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்குங்கள். ‘கேஸ் டிரபிள்’ என்று சொல்லி உள்ளே நுழைபவர், வயிற்றைப் பற்றிய கேள்விகளைத் தாமாகவே வரவழைத்துக்கொள்கிறார். ‘மாடிப்படி ஏறினால் நெஞ்சின் நடுவில் ஒரு பாரம் வருகிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது’ என்று அதையே விவரித்தால், மருத்துவரின் கவனம் உடனே இதயத்தின் பக்கம் திரும்பும். முந்தைய மருத்துவர் உறுதி செய்த நோய்களைப் பெயரோடு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நாமே வைத்துக்கொண்ட பெயர்களைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

தலைவலியை எடுத்துக்கொள்வோம். ‘ரொம்ப நாளாகத் தலைவலி, தாங்க முடியவில்லை’ என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் சொல்வது இப்படி: ‘மூன்று வாரமாக இருக்கிறது. காலையில் கண் விழிக்கும்போதே வலி இருக்கும், பத்து மணிக்குள் குறைந்துவிடும். குனிந்தால் அதிகமாகிறது. இதற்கு முன் எனக்குத் தலைவலியே வந்ததில்லை. பாராசிட்டமால் போட்டால் இரண்டு மணி நேரம் தாங்குகிறது.’ இரண்டாமவர் பேசி முடிக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, முன்பு வந்ததுண்டா என்ற ஐந்துக்கும் பதில் வந்துவிட்டது. மேலும், விழிக்கும்போதே இருப்பதும் குனிந்தால் கூடுவதும் எந்த மருத்துவரும் எளிதில் கடந்துபோகாத குறிகள். முதலாமவருக்கும் அவை இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

வலியின் அளவைச் சொல்வதில் பலருக்கும் தடுமாற்றம் உண்டு. ‘பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டால் எட்டா ஆறா என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்று சொல்லிவிடலாம். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை, இரவில் வலியால் விழிப்பு வந்துவிடுகிறது என்பவை எந்த எண்ணைவிடவும் தெளிவானவை.

ஒரே சந்திப்பில் பல பிரச்சினைகளைச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே தலைப்புகளாகச் சொல்லிவிடுங்கள்: ‘முழங்கால் வலி, மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும், மலத்தில் இரண்டு முறை ரத்தம் தெரிந்தது, ஆக மூன்று விஷயங்கள்.’ எதை இன்று பார்ப்பது, எதற்கு இன்னொரு நாள் வருவது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளலாம். மேலே உள்ள பட்டியலில் மருத்துவர் எதை முதலில் எடுப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். நோயாளி மட்டும் பெரும்பாலும் முழங்காலிலிருந்தே தொடங்குவார்.

கனமான விஷயத்தைக் கடைசிவரை அடக்கி வைத்திருந்து, எழுந்து கதவருகே போன பிறகு ‘டாக்டர், இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன்...’ என்று தொடங்குவது எல்லா மருத்துவர்களும் அறிந்த ஒன்று. பெரும்பாலும் அது மறதியால் நடப்பதில்லை. பயத்தாலோ கூச்சத்தாலோ நடக்கிறது. பயத்தின் காரணமாக எதைத் தள்ளிப்போடுகிறீர்களோ அதையே சீட்டில் முதலில் எழுதிக்கொண்டு போங்கள்.

இணையத்தில் படித்ததைச் சொன்னால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரா?

சொல்லும் விதத்தைப் பொறுத்தது. ‘எனக்கு இந்த நோய்தான், இந்த ஸ்கேன் எழுதிக்கொடுங்கள்’ என்றால் பேச்சு வாக்குவாதமாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். ‘கழுத்தில் இந்தக் கட்டியைப் பார்த்ததும் புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்துபோய் இணையத்தில் தேடினேன்’ என்றால், அவர் பதில் சொல்ல வேண்டிய உண்மையான கேள்வி மேசைக்கு வந்துவிடுகிறது. என்னவாக இருக்கும் என்று நோயாளி நினைக்கிறார், எதற்காகக் கவலைப்படுகிறார், இந்தச் சந்திப்பிலிருந்து எதை எதிர்பார்க்கிறார் என்ற மூன்றையும் கேட்டறியும்படி குடும்ப மருத்துவப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட்க மறந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். கவலையைச் சொல்லாமல் வீடு திரும்புபவருக்கு, சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் நிம்மதி கிடைப்பதில்லை.

மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, குடிப்பழக்கம் உண்டு என்பதையெல்லாம் உள்ளபடியே சொல்லத்தான் வேண்டுமா?

ஆம். இந்தப் பக்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நீண்டகால நோய்களுக்கான மருந்துகளை, வளர்ந்த நாடுகளில்கூட, சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே மாத்திரையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் சொல்வது மருத்துவருக்குப் புதிய செய்தியாக இருக்காது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் மட்டுமே போடும் ஒருவர், ‘தவறாமல் போடுகிறேன்’ என்கிறார். அழுத்தம் குறையாததைக் கண்ட மருத்துவர் அளவை இரட்டிப்பாக்குகிறார், அல்லது இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்க்கிறார். பிறகு ஒருநாள், வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, செவிலியர் எல்லா மாத்திரைகளையும் வேளை தவறாமல் கொடுக்கிறார். அழுத்தம் சரிந்து, எழுந்து நின்றதும் மயங்கி விழுகிறார். இதில் யாரும் தவறான மருந்தைக் கொடுக்கவில்லை.

ஏன் சாப்பிடவில்லை என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வறட்டு இருமல் வந்ததால் நிறுத்தினேன், விலை கட்டுப்படியாகவில்லை, வேலை செய்யும் இடத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக முடியாது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றியது: இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. இருமலுக்குக் காரணமான ஏசிஇ வகை ரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்று இருக்கிறது. மலிவான மருந்து இருக்கலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை போடும் வேளையை மாற்றலாம். ‘மறந்துவிட்டேன்’ என்று பொதுவாகச் சொன்னால் கிடைக்கும் பதில் ‘இனிமேல் மறக்காதீர்கள்’ என்பதாகவே இருக்கும்.

வேறிடத்தில் வாங்கிய மருந்து, மூலிகைச் சூரணம், ஊட்டச்சத்து மாத்திரை, சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் வலி மாத்திரை எல்லாம் இதில் அடங்கும். இபுபுரூபன் போன்ற சாதாரண வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பெயர்களை நினைவில் வைத்துச் சொல்வதைவிட, அட்டைகளையும் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது பிழை குறைந்த வழி.

மது, புகை, பாலுறவு, மனநிலை பற்றிய கேள்விகள் ஒழுக்கத்தை அளப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை. நீங்கள் சொல்வதை மருத்துவர் ரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். பிறர் உயிருக்கு ஆபத்து, குழந்தைமீது வன்கொடுமை, சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் போன்ற விதிவிலக்குகள் பல நாடுகளில் உண்டு. ஐயமிருந்தால், ‘இது இந்த அறையைவிட்டு வெளியே போகுமா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மருத்துவர் சொல்வது அங்கே புரிவதுபோல் இருக்கிறது. வெளியே வந்ததும் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

புரிந்ததா என்று கேட்டால் ‘புரிந்தது’ என்று தலையாட்டுவது மனித இயல்பு. அதனால் அந்தக் கேள்வியால் யாருக்கும் பயனில்லை. பயனுள்ள முறை வேறு: கேட்டதை உங்கள் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். ‘வெள்ளை மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், இன்னொன்று இரவு சாப்பாட்டுக்குப் பின். தலைசுற்றினால் நிறுத்தாமல் உங்களைக் கூப்பிட வேண்டும். சரிதானே?’ தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இப்படிச் சொல்லவைத்துக் கேட்பதைத் தங்கள் கடமையாகவே கொண்ட மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள்; ‘நான் சரியாக விளக்கினேனா என்று பார்க்கிறேன், வீட்டில் போய் என்ன சொல்வீர்கள்?’ என்று அவர்கள் கேட்கும்போது அதைத் தேர்வாக நினைத்துக் கூச வேண்டியதில்லை.

சொல்லத் தெரிவதும் செய்யத் தெரிவதும் ஒன்றல்ல என்பதை அமெரிக்காவில் 395 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ‘ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மாத்திரை’ என்ற குறிப்பை, அவர்களுள் எழுத்தறிவு குறைந்தவர்களில் சுமார் எழுபது சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது அவர்களில் சரியாகச் செய்தவர்கள் சுமார் முப்பத்தைந்து சதவீதம் பேர்தான். திரவ மருந்தில் ஆபத்து இன்னும் அதிகம்: தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி என்பதால், கரண்டி மாறினால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து போய்விடும். ஆகவே இன்ஹேலர், இன்சுலின் ஊசி, சிரிஞ்சால் அளந்து கொடுக்கும் மருந்து ஆகியவற்றை அங்கேயே ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொண்டு கிளம்புங்கள்.

இது தவிர, குறிப்பெடுங்கள். அனுமதி கேட்டு அலைபேசியில் பதிவும் செய்யலாம். ‘நெகட்டிவ்’ என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இருமலோடு போனேன், மருந்தே எழுதாமல் அனுப்பிவிட்டார். என்னை அலட்சியப்படுத்துகிறாரா?

இருக்கலாம்; ஆனால் பெரும்பாலும் அப்படி இல்லை. சளி, இருமல் போன்றவற்றில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. மூச்சுக்குழாய் அழற்சியால் வரும் இருமல் தணியச் சராசரியாகப் பதினெட்டு நாட்கள் ஆகின்றன. மக்களோ ஒரு வாரத்தில், சற்றுக் கூடினால் ஒன்பது நாட்களில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பத்தாம் நாளில் பொறுமை இழந்து திரும்பி வருபவருக்கு முதல் சந்திப்பிலேயே இந்தக் கணக்கு சொல்லப்பட்டிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். இன்னொரு பக்கம், நோயாளி ஆன்டிபயாடிக் எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் தாமாகவே ஊகித்து எழுதிவிடுவதும் நடக்கிறது. ‘மருந்து வேண்டும் என்பதற்காக வரவில்லை, நிமோனியா இல்லை என்று தெரிந்தால் போதும்’ என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால் இருவருக்கும் எளிது.

மருந்தில்லாமல் திரும்பும்போது மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழாதீர்கள். இது எத்தனை நாளில் சரியாகும்? எந்த அறிகுறி வந்தால் மறுபடி வர வேண்டும்? எது வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

‘இந்த மாத்திரை ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்’ என்கிறார். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எத்தனையில் பாதி என்று கேளுங்கள். ஆயிரம் பேரில் 2 பேருக்கு வரக்கூடியது 1 ஆகக் குறைந்தாலும் பாதி. 200 பேருக்கு வரக்கூடியது 100 ஆகக் குறைந்தாலும் பாதி. ‘என்னைப் போன்ற நூறு பேர் இதைப் பத்தாண்டுகள் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குப் பக்க விளைவு?’ என்பதே கேட்க வேண்டிய வடிவம்.

உடன் வருபவர் எவ்வளவு பேசலாம்?

முதியவர்களுக்கும் கடினமான செய்தியைக் கேட்கப் போகிறவர்களுக்கும் துணை மிகவும் உதவும். இரு காதுகள் தவறவிட்டதை நான்கு காதுகள் பிடித்துவிடும். ஆனால் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொல்லத் தொடங்கினால், மருத்துவருக்குக் கிடைப்பது மகனுடைய கருத்து. அம்மா பேசி முடிக்கட்டும். அவர் விட்டதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். வளரிளம் வயதினருக்கும், வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் ஐயம் இருப்பவர்களுக்கும் சிறிது நேரமாவது மருத்துவரோடு தனியே பேச வாய்ப்பு வேண்டும். மருத்துவர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மொழி தெரியாத இடத்தில் குழந்தைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தவிருங்கள். தாயின் மாதவிடாயைப் பற்றியோ தந்தையின் புற்றுநோயைப் பற்றியோ பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் கொடுமை, விவரமும் சிதைந்துவிடும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். பல இடங்களில் தொலைபேசி வழியாகவும் அந்தச் சேவை உண்டு.

எல்லாவற்றையும் மருத்துவரிடமேதான் கேட்க வேண்டுமா?

தேவையில்லை. மருந்தை உணவுக்கு முன்னா பின்னா, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பவற்றுக்கு மருந்தாளுநரும், புண்ணுக்குக் கட்டுப்போடுவது, ஊசி போட்டுக்கொள்வது, கால் பராமரிப்பு போன்றவற்றுக்குச் செவிலியரும் பெரும்பாலும் அதிக நேரம் ஒதுக்கிப் பதில் சொல்வார்கள்.

பரிசோதனை முடிவு பற்றி யாரும் அழைக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிக்கை தவறான கோப்பில் சேர்ந்திருக்கலாம், உங்கள் பழைய எண்ணுக்கு அழைத்திருக்கலாம், மாதிரியே ஆய்வகத்துக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். மாதிரி கொடுக்கும்போதே முடிவு என்று வரும், யார் சொல்வார்கள், வராவிட்டால் எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். மருத்துவர் மாறும்போது அதன் அருமை தெரியும். சில நாடுகளில் மருத்துவரின் குறிப்புகளையே நோயாளிகள் இணையம் வழியாகப் படிக்கலாம்: அமெரிக்காவில் 2010-இல் மூன்று இடங்களில் நூற்றுச் சொச்சம் முதல்நிலை மருத்துவர்களோடு சோதனையாகத் தொடங்கிய அந்த முறை, 2021 முதல் நாடு முழுவதும் விதியாகிவிட்டது. அப்படிப் படிக்கும் வசதி இருந்தால், ஒவ்வாமை, மருந்தின் அளவு, எந்தப் பக்கத்து உறுப்பு என்ற மூன்றையாவது சரிபாருங்கள்.

மருத்துவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, அல்லது அவர் என்னை மதிப்பதில்லை. என்ன வழி?

இரண்டும் வெவ்வேறு. உடன்பாடு இல்லையென்றால் தலையாட்டிவிட்டு வீட்டில் வந்து மாத்திரையைத் தூக்கிப்போடுவதைவிட, ‘இதைச் செய்ய எனக்கு மனமில்லை, வேறு வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் சில வாரங்கள் கவனித்துப் பார்த்தால் என்ன ஆகும்?’ என்று அங்கேயே கேட்பது மேல். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்புவதாகச் சொல்வதும் உங்கள் உரிமை. அதற்காகப் பதிவேடுகளின் நகலைக் கேளுங்கள்.

மதிப்பில்லாத நடத்தையை முதலில் நேரிடையாகச் சொல்லிப் பார்க்கலாம்: ‘நான் சொன்ன வலியை நீங்கள் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.’ இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி விசாரிக்கத் தொடங்கும் மருத்துவர்கள் உண்டு. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் பலவேளை உங்கள் விவரத்தைத்தான் பதிந்துகொண்டிருப்பார். ஆனால் கேலி, அதட்டல், அனுமதியின்றித் தொடுதல், அந்தரங்கத்தைப் பிறர் முன் பேசுதல் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நடந்த தேதி, நேரம், சொன்ன சொற்கள், அங்கே இருந்தவர்கள் ஆகிய விவரங்களை அன்றே எழுதி வைத்து, முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பாளரிடமும், தீராவிட்டால் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடமும் எழுத்தில் கொடுங்கள். புகார் முடியும்வரை சிகிச்சையை நிறுத்திவிடாமல், வேறொரு மருத்துவரிடம் தொடருங்கள்.